முதல் பருவத்துப் போட்டிகளும் மன்றங்களும்: மலைப்பக்கப் பெண்கள் பள்ளிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து அரசு, உதவிபெறும் பெண்கள் பள்ளிகளில் ஜூன் தொடங்கிக் காலாண்டுத் தேர்வு வரை நடக்கும் போட்டிகள், மன்றங்கள், திறனறித் தேர்வுகள் பற்றி ஒரே சந்தேகங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. பெற்றோர் கூட்டத்திலும் கேட்கிறார்கள், பஸ் ஸ்டாப்பிலும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம்.

முதல் பருவத்துல படிப்பைத் தவிர அப்படி என்னதான் நடக்குது?

நிறைய. குறுவட்ட விளையாட்டுப் போட்டி, கலைத் திருவிழாவின் பள்ளி அளவுத் தேர்வு, இன்ஸ்பயர் விருதுக்கு அறிவியல் யோசனை அனுப்புவது, சாரணியர், செஞ்சிலுவை, தேசிய மாணவர் படை ஆகியவற்றுக்கு ஆள் சேர்ப்பது, திறனறித் தேர்வுக்குப் பயிற்சி தொடங்குவது எல்லாம் இந்த நான்கு மாதத்துக்குள்தான். சுதந்திர தின அணிவகுப்பும் இடையில் வந்துவிடும். டிசம்பரில் வந்து "என் பொண்ணையும் சேத்துக்கோங்க" என்றால் பல கதவுகள் அதற்குள் மூடியிருக்கும்.

விளையாட்டு, டான்ஸுன்னு போனா அட்டெண்டன்ஸ் போயிடாதா? மார்க்கும் குறையுமே?

வருகைப் பதிவு போகாது. தலைமையாசிரியர் கையெழுத்தோடு பள்ளி அனுப்பும் போட்டிக்குப் போகிற நாள் 'ஆன் டியூட்டி'. பெற்றோர் தாமாகத் தனியார் போட்டிக்கு அழைத்துப் போனால் அது விடுப்புதான். முன்கூட்டியே கடிதம் கொடுத்தால் பேசிப் பார்க்கலாம்.

மதிப்பெண் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். போட்டி நாள் ஒன்றோ இரண்டோதான். பாடத்தைத் தின்பது அதற்கு முந்தைய மூன்று வார ஒத்திகை. எந்தப் பாடவேளை பறிபோகிறது என்று கேளுங்கள். தினமும் கணக்கு வகுப்பில் எழுப்பி அழைத்துப் போனால் தட்டிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மதிய இடைவேளையிலும் கடைசிப் பாடவேளையிலும் ஒத்திகை வைத்தாலே போதும்.

மகிழ் முற்றத்துல என் பொண்ணு நெய்தல் குழுவாம். மலைப் பிள்ளைக்கு நெய்தல் எதுக்கு?

மகிழ் முற்றம் என்பது பள்ளிப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்துப் போட்டி வைக்கும் ஏற்பாடு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து பிரிப்பார்கள், ஊர் பார்த்து இல்லை. நீலகிரியில் எல்லாரையும் குறிஞ்சியில் போட்டால் போட்டி யாரோடு?

குறுவட்டம், மாவட்டம், ஸ்டேட்... எது எதுக்கு மேல? ஒரு பிள்ளை எத்தனை போட்டியில சேரலாம்?

முதலில் குறுவட்டம். பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்தது அது. அதில் வென்றவர்கள் வருவாய் மாவட்ட அளவுக்கும், அங்கிருந்து மாநில அளவுக்கும் போவார்கள். பிரிவுகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டவை. தடகளத்தில் ஒருவர் மூன்று தனிநபர் போட்டிகளிலும் அதோடு தொடர் ஓட்டத்திலும் கலந்துகொள்வது வழக்கம். முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 புள்ளி. மூன்றிலும் முதலில் வந்தால் 15 புள்ளியோடு தனிநபர் சாம்பியன். தொடர் ஓட்டப் புள்ளி பள்ளிக்குத்தான் சேரும்.

ஓடத் தெரிந்த பிள்ளையை 100, 200, 400 மூன்றிலும் எழுதிவிடுவது நம் பள்ளிகளின் பழைய பழக்கம். ஒரே நாளில் தகுதிச் சுற்று, இறுதிச் சுற்று எல்லாம் சேர்ந்தால் ஆறு ஓட்டமாகிவிடும். கடைசியில் ரிலேவுக்குக் கால் இருக்காது. இரண்டு ஓட்டம், ஒரு நீளம் தாண்டுதல் என்று பிரித்து எழுதுவது நல்லது.

என் மகளுக்கு இன்னும் பதினாலு முடியலையே, ஏன் 14 பிரிவுல எடுக்க மாட்டேங்கிறாங்க?

போட்டி நடக்கும் நாளில் என்ன வயது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயது என்பதே கணக்கு. 2025-26 கல்வியாண்டுக்கு 14 வயதுப் பிரிவு என்றால் 1.1.2012 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். 28.12.2011 அன்று பிறந்த பிள்ளைக்கு ஆகஸ்ட் மாதப் போட்டியின்போது 13 வயதுதான். ஆனாலும் டிசம்பர் 28இல் 14 நிறைந்துவிடுவதால் 17 பிரிவில்தான் ஓட முடியும். ஒரு வாரத்தில் போன வாய்ப்பு என்று வருத்தமாகத்தான் இருக்கும். அதற்காகப் பிறந்த தேதியைத் திருத்தப் பார்க்காதீர்கள். அது எங்கெல்லாம் போய் இடிக்கும் என்பதைக் கீழே பெயர் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

ரிலேவுல எங்க பிள்ளைங்கதான் முன்னாடி வந்தாங்க. ஆனா தகுதி இல்லைன்னுட்டாங்களே, ஏன்?

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பேட்டன் (கையில் பிடித்து ஓடும் குச்சி) கைமாறியது கோட்டுக்கு வெளியே. 4×100 ஓட்டத்தில் கைமாற்றும் பகுதி 30 மீட்டர். அந்த 30 மீட்டருக்குள் பேட்டன் ஒரு கையை விட்டு அடுத்த கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிள்ளையின் கால் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, பேட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. கீழே விழுந்தால் தவறவிட்டவரே எடுக்க வேண்டும். கொடுத்து முடித்ததும் களைப்பில் பக்கத்துத் தடத்துக்குள் நடந்து இன்னொருத்தியை இடறினாலும் தகுதி போகும். மற்றவர்கள் கடக்கும்வரை தன் தடத்திலேயே நிற்கப் பழக்குங்கள்.

நம் பள்ளி மைதானங்களில் முழு 400 மீட்டர் தடம் கிடைப்பது அபூர்வம். 200 மீட்டர் வட்டமே பெரிய விஷயம், அதிலும் ஒரு பக்கம் சரிவு. அதனால் வளைவில் பழகாமல், இருக்கிற நேரான இடத்தில் சுண்ணாம்புத் தூளால் 30 மீட்டரை அளந்து கோடு போட்டுக் கைமாற்றத்தை மட்டும் பழகுங்கள். வாங்குகிறவள் 30 மீட்டர் தொடங்கும் கோட்டில் நின்றுகொண்டு, பின்பக்கமாகத் தன் பாதத்தால் 15 அடி அளந்து ஓர் அடையாளம் வைக்கட்டும். கொடுப்பவள் அந்த அடையாளத்தைத் தொட்டதும் வாங்குகிறவள் திரும்பிப் பார்க்காமல் ஓடத் தொடங்க வேண்டும். எட்டிப் பிடிக்க முடியாமல் போனால் அடையாளத்தை இரண்டு பாதம் கிட்டே கொண்டுவாருங்கள். முதுகில் மோதினால் இரண்டு பாதம் தள்ளி வையுங்கள். நாலைந்து நாளில் அந்த ஜோடிக்கான அளவு கிடைத்துவிடும். முதலாமவளும் மூன்றாமவளும் வலது கையில், மற்ற இருவரும் இடது கையில் பிடித்தால் நடுவில் கை மாற்ற வேண்டியதில்லை.

ஜோடியைக் கடைசி நேரத்தில் மாற்றாதீர்கள். வேகமான நான்கு பேரைவிட, கைமாற்றம் பழகிய நான்கு பேரே மேல்.

மழையில எப்படிங்க பிராக்டிஸ்? அட்டை வேற ஏறுது, காட்டெருமை வேற வருது!

தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டுகிற அளவுக்குக் குன்னூர், கோத்தகிரியில் கொட்டாது. நமக்குப் பெருமழை வடகிழக்கில், அக்டோபருக்குப் பிறகு. அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குக் கிடைப்பது நல்ல பயிற்சிக் காலம். தூறலும் மூடுபனியும் இருக்கும், அவ்வளவுதான். மழை விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்பு வைத்தால் அன்றைய பயிற்சி போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அட்டைக்குக் காலுறையின் மேல்பக்கம் ஈரச் சோப்பைத் தேய்த்துக்கொள்வது உதவும். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். மெலிந்த முனைதான் வாய். தோலை ஒட்டி நகத்தை வழுக்கினாற்போல் தள்ளினால் அது பிடியை விட்டுவிடும். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, ஆகவே கொஞ்சநேரம் கசியத்தான் செய்யும். கழுவி, துணி வைத்து அழுத்திப் பிடித்தால் போதும்.

காட்டெருமை, கரடி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். மாலைப் பயிற்சி நாலரைக்கு முடிய வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் போகிற பிள்ளைகள் கூட்டாகப் போக வேண்டும். பந்து புதருக்குள் போனால் அது போனதுதான்.

மிஸ், போட்டி அன்னிக்குப் பீரியட்ஸ் வந்தா ஓடக் கூடாதா?

தாராளமாக ஓடலாம். உடம்புக்கு ஒத்துக்கொண்டால் ஓடு, வலி தாங்கவில்லை என்றால் சொல்லிவிடு. இரண்டுமே சரிதான். அடர்நிற ஷார்ட்ஸ் போட்டுக்கொள், பையில் மூன்று நாப்கின், ஒரு மாற்று உடை, ஒரு பழைய செய்தித்தாள், ஒரு கவர் இருக்கட்டும். போய் இறங்கியதும் கழிப்பறை எங்கே, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது உடன் வரும் ஆசிரியையின் வேலை. பெற்றோருக்கு: "இந்த நாள்ல அனுப்ப மாட்டோம்" என்று காலையில் போன் செய்யாதீர்கள். நால்வர் ஓட வேண்டிய ரிலேயில் ஒருத்தி நின்றால் நான்கு பேருமே நிற்க வேண்டியதுதான்.

வாரா வாரம் இரும்புச் சத்து மாத்திரை குடுக்குறீங்க, அப்பவும் பிள்ளை சோர்ந்து சோர்ந்து வருதே?

மாத்திரையை எதோடு விழுங்குகிறாள் என்று பாருங்கள். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு விழுங்க வேண்டும். நம் ஊரில் சாப்பாடு முடிந்த கையோடு டீ. டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். தேயிலை விளைகிற ஊரில் இதைச் சொல்வது எங்களுக்கே சங்கடம்தான். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சாப்பாட்டில் சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். காலையில் டீயும் வர்க்கியும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்து 600 மீட்டர் ஓடினால் எந்தப் பிள்ளையும் சோர்ந்துதான் போகும். இரண்டு மூன்று மாதம் கழித்தும் சோர்வு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள்.

மலையில ஓடிப் பழகின பிள்ளைங்க, கீழ போய் ஏன் சுருண்டு விழுறாங்க? உல்டாவா இருக்கணுமே?

மூச்சுக்கு உல்டாதான். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கீழே மூச்சு லேசாக வரும். கெடுப்பது வெயில். 20 டிகிரியில் பழகிய உடம்பு கோயம்புத்தூர் மதிய வெயிலில் வியர்த்துத் தண்ணீர் இழப்பது பிள்ளைக்கே தெரியாது. மூச்சு லேசாக இருக்கிறதென்று முதல் 200 மீட்டரை வேகமாக ஓடிவிட்டு, கடைசியில் கால் எழாமல் நிற்பார்கள்.

முடிந்தால் முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். காலையிலிருந்து அரைமணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், ஓட்டத்துக்குப் பின் ஓ.ஆர்.எஸ். இன்னொன்று, மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கும் பிள்ளையை முன்சீட்டில் உட்கார வைத்து, எதிரே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். புறப்பட ஒன்றரை மணி முன்பு இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது.

கலைத் திருவிழாவுல படுகர் ஆட்டம் ஆடலாமா? ஆடினா ஜெயிக்குமா?

குழு நடனத்தில் கிராமியப் பிரிவு இருந்தால் ஆடலாம். பள்ளி, குறுவள மையம், வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிகள். மாநிலத்தில் வெல்லும் பெண் பிள்ளைக்குக் கலையரசி பட்டம். எந்த வகுப்புக்கு எந்தப் போட்டி, எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்பதை அந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் பார்த்துவிட்டுத்தான் ஆள் எடுக்க வேண்டும். போன வருடப் பட்டியலை நம்பிப் பழக்கிவிட்டு, பத்துப் பேரில் இரண்டு பேரைக் கடைசியில் கழற்றிவிடுவது பாவம்.

நம் ஆட்டங்கள் வட்டத்தில் ஆடுபவை. ஊர்த் திடலில் சுற்றிலும் ஆள் நிற்பார்கள், அழகாக இருக்கும். மேடையில் நடுவர் ஒரே பக்கம். எந்த நேரமும் பாதிப் பேரின் முதுகுதான் அவருக்குத் தெரியும். இரண்டு சுற்று முழு வட்டம் ஆடிவிட்டு, நடுவர் பக்கம் வட்டத்தைத் திறந்து அரைவட்டமாக நிற்கப் பழக்குங்கள். அடிகளை மாற்ற வேண்டாம். ஆட்டம் தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை ஒருநாள் அழைத்து, அடியும் உடையும் சரியா என்று கேளுங்கள். பாட்டை இரண்டு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கட்டாயம் ஓடாது.

கைவினைப் போட்டிக்கு என் பொண்ணு தோடர் எம்பிராய்டரி போட்டா தப்பா? நாங்க தோடர் இல்ல.

கற்றுக்கொள்வதில் தப்பில்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், படம் வரையாமல் துணியின் இழைகளை எண்ணியே போடுவது அது. கண்ணும் கணக்கும் இரண்டும் பழகும். ஆனால் 2013இல் புவிசார் குறியீடு (அந்தப் பெயரை உரியவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற சட்டப் பதிவு) பெற்ற கலை. பள்ளிச் சந்தையில் விற்கும்போது 'தோடர் எம்பிராய்டரி' என்று சீட்டு ஒட்டக் கூடாது. யாரிடம் கற்றாள் என்பதைப் போட்டிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

முத்தோரைக்கு டூர்னு காசு கேக்குறாங்க. அங்க என்ன பார்க்க இருக்கு?

விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்க 1970இல் ஊட்டிப் பக்கம் கட்டிய ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்குத் தெற்காகச் சரியும் மலைச்சரிவில் நிற்கிறது. சரிவின் கோணம் சுமார் 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் அதே அளவுதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். மலைச்சரிவே கருவியில் பாதி. இதை வகுப்பில் ஒரு குளோபை வைத்துச் சொல்லிவிட்டு அழைத்துப் போனால்தான் காசுக்குப் பலன். இல்லாவிட்டால் பெரிய கம்பி வேலி பார்த்த மாதிரிதான் இருக்கும்.

இன்ஸ்பயர் அவார்டுல பத்தாயிரம் பரிசாமே? என் பொண்ணுக்கு வந்தா என்ன பண்ணலாம்?

அது பரிசுப் பணம் இல்லை. தேர்வான யோசனைக்கு மாதிரி செய்து கண்காட்சிக்குக் கொண்டுபோகத் தரும் 10,000 ரூபாய். மாணவியின் வங்கிக் கணக்குக்கே வரும். பள்ளி ஐந்து யோசனைகள் வரை இணையத்தில் அனுப்பலாம்.

இணையத்தில் பார்த்த 'ஸ்மார்ட் டஸ்ட்பின்', 'மழைநீர் சேகரிப்பு' எல்லாம் முதல் வடிகட்டலிலேயே போய்விடும். வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்: இலை பறிக்கும் அம்மாவின் முதுகில் மூட்டை அறுக்கிற இடம், குரங்கு திறக்க முடியாத குப்பைத் தொட்டி, உறைபனி விழுமுன் கேரட் தோட்டத்தில் அடிக்கிற எச்சரிக்கை மணி. யாருக்கு என்ன தொந்தரவு, இப்போது என்ன செய்கிறார்கள், இவள் எதை மாற்றுகிறாள் என்று மூன்று விஷயம் தெளிவாக இருந்தால் போதும்.

உதவித்தொகைப் பரீட்சை எது எந்த வகுப்புக்கு? ஒண்ணும் புரியல.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ்., அதாவது தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு. மனத்திறனுக்கு 90 வினா, பாடத்துக்கு 90 வினா. தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50), பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. பதினொன்றாம் வகுப்பில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு: 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமே பாடத்திட்டம் என்பதால், பத்து முடித்ததும் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

என்.எம்.எம்.எஸ்.ஸில் பணம் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் புதுப்பித்தல். ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதத்துக்குக் கீழே போனாலும் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 55) அதற்குமேல் தொடராது.

சாரணியர், என்.சி.சி., செஞ்சிலுவை... எதுல சேத்தா நல்லது?

வீடு தூரமென்றால் முதலில் பஸ் நேரத்தைப் பாருங்கள். என்.சி.சி.யில் அணிவகுப்பு நாள்கள் கண்டிப்பு. 'ஏ' சான்றிதழுக்கு இரண்டு ஆண்டு, 75 சதவீத வருகை, முகாம் எல்லாம் வேண்டும். சாரணியரில் பத்து வயது முதல் சேரலாம், ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாக இயங்கும், படிப்படியாக ஆளுநர் விருது (ராஜ்ய புரஸ்கார்) வரை போகலாம். முடிச்சுகளில் பிள்ளைகள் தவறுவது ரீஃப் முடிச்சில்: இடதை வலதின் மேல், பிறகு வலதை இடதின் மேல் போட வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இழுத்தால் நழுவும். செஞ்சிலுவையில் நேரம் குறைவாகக் கேட்பார்கள், முதலுதவி பழகலாம்.

பேர்ல ஒரு இனிஷியல்தானே வித்தியாசம், அதுக்கா சர்டிஃபிகேட் செல்லாதுன்றாங்க?

ஆமாம், அதற்குத்தான். ஆதாரில் 'ஹேமலதா மாதன்', எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு) 'ஹேமலதா மா', பாஸ்புக்கில் 'எம். ஹேமலதா' என்றிருந்தால் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். உதவித்தொகை திரும்பிப் போகும், இன்ஸ்பயர் பணம் ஏறாது, விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் நீட்டும்போது தடுப்பார்கள். போட்டியில் வெல்வதைவிட இந்தச் சிக்கலில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தோற்கிறார்கள்.

பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள், பிறகு எமிஸ், பிறகு வங்கி. ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் முடித்துவிட வேண்டும். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போய் மதிப்பெண் சான்றிதழும் அச்சாகிவிட்டால், அதற்குமேல் அலைச்சல் பல மடங்கு.

பருவ அறிக்கையில என் பொண்ணு பேரே இல்லையே? அவளும்தான் ஜெயிச்சா.

அறிக்கை எழுதுகிறவர் மன்றப் பதிவேடுகளைப் பார்த்துத்தான் எழுதுவார். போட்டி முடிந்த வாரத்திலேயே சான்றிதழின் நகல் பொறுப்பாசிரியரிடம் போகாவிட்டால் பதிவு விடுபடும். குழுப் போட்டியில் இது அதிகம்: 'கோ-கோ அணி இரண்டாமிடம்' என்று ஒரே வரி வரும், ஆடிய பிள்ளைகளின் பெயர்கள் வராது. அணிப்பட்டியலை இணைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மாற்று ஆட்டக்காரர்களின் பெயரும் அதில் இருக்கட்டும்.

விடுபட்டது தெரிந்தால் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நகலோடு வந்து சொல்லுங்கள். பதிவேட்டில் ஏற்றினால் ஆண்டு விழா அறிக்கையிலாவது வரும்.

சர்டிஃபிகேட் மழையில நனைஞ்சு மை கரைஞ்சு போச்சு. வேற தருவாங்களா?

பள்ளி அளவுச் சான்றிதழ் என்றால் பதிவேட்டைப் பார்த்துத் தருவார்கள். மாவட்டம், மாநிலம் என்றால் நடத்திய அலுவலகத்துக்குத் தலைமையாசிரியர் வழியாக எழுத வேண்டும், நகல் இருந்தால்தான் வேலை நடக்கும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வீட்டில் இருவருக்கு அனுப்பிவையுங்கள். நம் வீடுகளில் சுவர் ஈரம் வருடத்தில் பாதி நாள் காயாது. லேமினேட் செய்யாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். லேமினேட் செய்த சான்றிதழின் பின்பக்கம் யாரும் சரிபார்ப்பு முத்திரை குத்த முடியாது.